எந்தப் பக்கம்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சாதி. சினிமாவும் கிரிக்கெட்டும் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

ச.மு., சேலையூர்
கே: கிராமத்துச் சாதிக்கும் நகரத்துச் சாதிக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில் சொல்லவும்.

ப: கிராமத்தில் உங்கள் சாதி எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கமாட்டார்கள், நகரத்தில் தெரியாது, அதனால் 'நான் அதெல்லாம் பார்க்கிறதில்லை' என்று சொல்லிவிட்டுக் கேட்பார்கள்.

வாடகைக்கு அலைபவன், ராஜகீழ்ப்பாக்கம்
கே: வீடு பார்க்கப் போனால் வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு 'சொந்த ஊர் எது?' என்கிறார்கள். திருவண்ணாமலை என்றேன். 'திருவண்ணாமலையில எந்தப் பக்கம்?' என்றார் வீட்டுக்காரர். இதற்கு என்ன பதில் சொல்வது?

ப: 'கிழக்கு கோபுரத்துப் பக்கம்' என்று சொல்லிப் பாருங்கள், மனிதர் தவித்துப்போவார். அவர் விசாரிப்பது திசையை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். ஆகவே பாவம், வீட்டுக்காரர்கள் துப்பறிய வேண்டியிருக்கிறது. முதலில் ஊர், அடுத்து தெரு, அடுத்து குலதெய்வம், அப்புறம் 'சொந்தத்துலயே கட்டினீங்களா?', கடைசியாக 'நான்வெஜ் சமைப்பீங்களா?'. அதற்குள் ஆளை ஏதாவது ஒரு கட்டத்தில் அடைத்துவிடலாம் என்பது நம்பிக்கை. பிடித்த கட்டமாக இல்லாவிட்டால் 'வீட்ல கலந்துக்கிட்டு போன் பண்றேன்' என்பார். அந்தப் போன் வராது.

கிராமத்தில் இந்த அவஸ்தையே கிடையாது. காலனியிலிருந்து ஊர்த்தெருவுக்கு வாடகை வீடு கேட்டு யாரும் போகமாட்டார்கள், போகவும் முடியாது. இங்கே தைரியமாகப் போய்க் காலிங்பெல்லை அழுத்தலாம், சோபாவில் உட்காரலாம், காபிகூடக் கிடைக்கும். சாவி மட்டும் கிடைக்காது. வித்தியாசம் சின்னதுதான் என்று நினைக்காதீர்கள். ஆனால் அது வீடு கிடைத்ததற்குச் சமம் என்றும் நினைக்காதீர்கள்.

ஐ.டி. ஊழியர், பெருங்களத்தூர்
கே: 'உங்க ஊர்க்காரங்களுக்கு சர்நேமே கிடையாதா?' என்று அலுவலகத்தில் வடநாட்டு நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது?

ப: நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் அது பெரிய அளவில் ஆரம்பித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பலர் அதோடு தங்கள் பட்டத்தைக் கழற்றி வைத்தார்கள். மாநாட்டுக்குத் தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டவர் அவர்தான். பாண்டி பஜாரில் பேரம் பேசும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைத்தெருவுக்கு அவர் பெயர்தான்.

சர்நேம் இல்லாததால் என்ன லாபம் என்று நண்பர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு வேறு. அப்படி விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிட மோசம். பயோடேட்டாவின் முதல் வரியிலேயே தோற்றுப்போகாமல் உள்ளே போக இனிஷியல் உதவுகிறது. உள்ளே போன பிறகு 'எந்தப் பக்கம்?' வரும், அது வேறு கதை.

தினசரிப் பயணி, குரோம்பேட்டை
கே: காலை 8 மணி பீச் ரயிலில் யார் தோளில் யார் சாய்ந்திருக்கிறார் என்றே தெரிவதில்லை. சாதி ஒழிந்த ஒரே இடம் மின்சார ரயில்தானே?

ப: அங்கே ஒழிந்தது இடைவெளி. அதையும் லேசாக எடைபோடக்கூடாது. தீண்டாமை என்பதே எட்டி நில் என்கிற சட்டம்தானே? எட்டி நிற்க இடமில்லாத ஒரு வண்டியை 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத்தில் ஓட்டினார்கள். பாதி வேலையை நெரிசலே செய்துவிட்டது.

மீதிப் பாதியை மனிதர்கள் செய்தார்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்துக்காரரான இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் எதிலும் யார் நுழைவதையும் தடுக்கக்கூடாது. தீர்மானம் நிறைவேறியது, அரசும் ஏற்றது. நடக்கிற தெருவுக்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

என் கணக்கு இதுதான். நம்மைக் கேட்காமலே நகரம் நம்மைக் கலந்துவிட்ட இடங்களில் சாதி தோற்றது: ரயில், ஓட்டல், தியேட்டர், ரேஷன் கடை வரிசை. நம் சம்மதத்தைக் கேட்டுக் கலக்க வேண்டிய இடங்களில் அது இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது: வாடகை வீடு, சம்பந்தம், வீட்டுக்குள் ஒரு தம்ளர் தண்ணீர். கிராமத்திலோ முதல் பட்டியலே பல ஊர்களில் இன்னும் முடிந்தபாடில்லை.

பி.ஆர்., மேற்குத் தாம்பரம்
கே: இட ஒதுக்கீடு இருக்கும்வரை சாதி ஒழியாது என்று எங்கள் மாடிவீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார்.

ப: அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது சொந்த சாதிக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். அரசாங்கத்தின் 69 ரொம்பக் குறைச்சலாகத் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடம்பாக்கம்
கே: நகரத்தை ஏன் இப்படிப் புகழ்கிறீர்கள்? எங்கள் கிராமத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வந்து நிற்கும். இங்கே அடுத்த ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

ப: உண்மை ஐயா. ஊர் வந்து நிற்கும். ஆனால் எந்த வீட்டுக்கு எந்த ஊர் வந்து நிற்கும், வந்தவர் திண்ணையில் உட்காருவாரா, வாசலுக்கு வெளியே நிற்பாரா, பறையடித்தவர் எங்கே சாப்பிடுவார், பிணம் எந்தப் பாதையில் போகும், எந்தச் சுடுகாட்டில் எரியும்? எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்றால், எரிவதிலும் எவ்வளவு ஒழுங்கு பார்க்கிறோம் என்று தெரிகிறது.

கிராமத்தைக் காந்தி பார்த்தார், அம்பேத்கரும் பார்த்தார். ஒருவர் அதில் இந்தியாவின் ஆன்மாவைக் கண்டார். மற்றவர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, கிராமத்தை அலகாக வைக்காமல் தனிமனிதனை அலகாக வைத்ததற்காகவே மகிழ்ச்சி தெரிவித்தார். இருவரும் பார்த்தது ஒரே கிராமம்தான், நின்ற தெரு வேறு.

அடுத்த ஃபிளாட்காரரைத் தெரியாதது உங்களுக்கு வெறுமையாக இருக்கிறது. ஊரில் யார் பார்த்தாலும் 'இன்னார் மகன்' என்று அடையாளம் சொல்லப்பட்டே வளர்ந்த ஒருவருக்கு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெரு கிடைப்பது விடுமுறை மாதிரி. தாம்பரத்துக்கு வேலை தேடி மட்டும் ஜனங்கள் வரவில்லை.

இல்லத்தரசி, கிழக்குத் தாம்பரம்
கே: எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, நகரத்தில் அது இல்லை.

ப: உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு எந்த தம்ளரில் காபி கொடுக்கிறீர்கள்? நீங்கள் குடிக்கும் அதே தம்ளரில் என்றால், நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன். 'அவங்களுக்குன்னு ஒண்ணு தனியா ஜன்னல்ல வெச்சிருக்கேன்' என்றால், இரட்டைக் குவளை டீக்கடையை விட்டு உங்கள் சமையலறைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 2011–12-ல் நாடு முழுக்க நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், 'உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா?' என்று நேராகவே கேட்டார்கள். கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 30 குடும்பங்கள் ஆமாம் என்றன, நகரங்களில் சுமார் 20. ஒப்புக்கொண்டவர்கள் கணக்குதான் இது. ஜன்னல் தம்ளரைத் தீண்டாமை என்றே நினைக்காதவர்கள் இதில் சேர்த்தியில்லை.

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், செம்பாக்கம்
கே: எங்கள் குடியிருப்பில் 48 வீடு. எல்லா சாதியும் எல்லா மதமும் இருக்கிறோம், பொங்கல் சேர்ந்து வைக்கிறோம். நகரத்தில் சாதி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

ப: பொங்கலுக்கு வாழ்த்துகள். செப்டிக் டேங்க் நிரம்பினால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? லாரி வரும், குழாய் போடுவார்கள். அடியில் மண்டி இறுகிவிட்டால் 'கொஞ்சம் உள்ள எறங்கிப் பாருப்பா' என்று ஒருவரைச் சொல்வீர்கள். அந்த ஒருவர் 48 வீட்டில் எந்த வீட்டுக்காரரின் உறவினராகவும் இருக்கமாட்டார். எந்த சாதியாக இருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிராமத்தில் அந்த வேலையைச் செய்பவரின் பெயராவது ஊருக்குத் தெரியும். இங்கே லாரிக்காரரின் நம்பர் மட்டும் தெரியும்.

புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் நிறைய, அதனால் இது வருஷா வருஷம் வரும் பிரச்சினை. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல்முறை என்றால் இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம். இறக்கியவர் என்றால் லாரி ஓனர் மட்டுமல்ல, கூப்பிட்ட செயலாளரும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் பொங்கல் பட்ஜெட்டுக்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள்.

பெயர் வேண்டாம், கண்ணகி நகர்
கே: இன்டர்வியூவில் எல்லாம் நன்றாகப் போகும். முகவரியைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். எங்கள் சாதியை யாரும் கேட்பதில்லை, ஆனாலும் வேலை கிடைப்பதில்லை.

ப: கேட்கத் தேவையில்லாதபடி எழுதி வைத்திருக்கிறார்களே, அதனால்தான். கூவம் ஓரத்திலும் அடையாறு ஓரத்திலும் இருந்த குடிசைகளை எடுத்து, ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகக் கட்டிடம் எழுப்பி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியேற்றினார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பகுதி பட்டியலின மக்கள். கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி இருந்தது, நகரத்துக்கு வெளியே வாரியக் குடியிருப்பு. லிஃப்ட் வைத்துக் கட்டினாலும் வரைபடத்தில் இருக்கும் இடம் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், இதற்குச் சாதிப் பெயர் கிடையாது. 'அந்த ஏரியா' என்றால் போதும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் உங்கள் கார்த்திகா இருந்தார். ஊர் திரும்பியவர் தன் முகவரியை மறைக்கவில்லை, மார்தட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு பல பேர் கண்ணகி நகர் என்று முகம் சுளிக்காமல் உச்சரித்தார்கள். தங்கம் வாங்காதவருக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

டி.கே., மடிப்பாக்கம்
கே: 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதல்வர் அறிவித்தாரே, எங்கள் ஆபீசர் காலனிக்கும் ஆபத்தா?

ப: உங்களுக்கு ஆபத்தே இல்லை, உங்கள் காலனிக்கு பஸ் வருகிறது, தண்ணீர் லாரி வருகிறது. கிராமத்துக் காலனிக்குத் தெருவிளக்கும் தனிச் சுடுகாடும் வருகின்றன. பலகையை மாற்றட்டும், நல்லதுதான். நடுவில் இருக்கிற வாய்க்காலையும் சேர்த்து மூடினால் இன்னும் நல்லது.

ஜெ., பம்மல்
கே: தெருப்பெயரில் சாதி கூடாது என்று 2025 அக்டோபரில் அரசாணை, அதே அக்டோபரில் கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம்!

ப: அரசாணை தரைத்தளத்துக்கு மட்டும் போலிருக்கிறது.

பக்தன், திருநீர்மலை
கே: கோயில் வரிசையில் நிற்கும்போது முன்னால் யார், பின்னால் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. கிராமத்தில் மட்டும் ஏன் கோயிலை வைத்தே தகராறு?

ப: நகரத்தில் கோயில் அறநிலையத் துறையுடையது, சாமி எல்லோருடையது. கிராமத்தில் சாமி ஊருடையது. 'ஊர்' என்றால் யார் என்பதில்தான் சண்டை. யார் வரி கொடுப்பது, யாருக்கு முதல் மரியாதை, தேர் எந்தத் தெருவரை போகும் என்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் தன் படிநிலையைத் திருவிழாவில் ஒத்திகை பார்த்துக்கொள்கிறது. ஆகவே அங்கே ஒருவர் கோயிலுக்குள் நுழைந்தால் 'நானும் ஊர்தான்' என்று உரிமை கேட்பதாக அர்த்தமாகிவிடுகிறது.

நம் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனம் தாண்டி இட்டுச்செல்லும் விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலைப் பாருங்கள். பட்டியலின மக்கள் நுழைந்ததால் வந்த மோதலில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அவர்கள் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. திரௌபதிக்கும் வனவாசம் புதிதல்ல.

வரதன் என்று புனைபெயரில் எழுதுபவர், பல்லாவரம்
கே: உங்கள் எழுத்தை வருஷக்கணக்கில் படிக்கிறேன். பேச்சு நடை, உவமை எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்க என்ன ஆளுங்க?

ப: பதில் சொல்ற ஆளுங்க. நீங்கள் கேட்கிற ஆளுங்க. நமக்குள் சம்பந்தம் ஒத்துவராது.

எல்.எம்., அனகாபுத்தூர்
கே: தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவியே பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. இதனால் என்ன மாறியது?

ப: 2022-ல் தாம்பரம், சென்னை இரண்டுமே பட்டியலினப் பெண்ணுக்கு. 25 வயதைத் தொட்ட வசந்தகுமாரி கமலக்கண்ணன் தாம்பரத்தில் மேயரானார். குப்பை லாரி வரவில்லை என்று அவரைத் திட்டினோம், தண்ணீர் வரவில்லை என்று திட்டினோம். மற்ற மேயர்களை எப்படித் திட்டுவோமோ அப்படியே. ஒரு வகையில் அதுதான் மாற்றம்.

கிராமத்தில் இதே ஒதுக்கீடு என்ன பாடுபட்டது என்று பாருங்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையாக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மேலவளவில் தேர்தலில் ஜெயித்த முருகேசனை 1997 ஜூனில் பஸ்ஸை மறித்து, உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அதெல்லாம் பழைய கதை என்றால், 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவி தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நகரத்தில் ஒதுக்கீடு நாற்காலியோடு வருகிறது. கிராமத்தில் நாற்காலியைத் தனியாகப் போராடி வாங்க வேண்டும்.

மனை வாங்கப்போகிறவன், ஊரப்பாக்கம்
கே: செங்கல்பட்டு பக்கம் மனை பார்க்கிறேன். 'பஞ்சமி நிலமா இருக்கப்போகுது, ஜாக்கிரதை' என்று பயமுறுத்துகிறார்கள். அது என்ன?

ப: பயம் அல்ல, வரலாறு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்கீர் என்ற வெள்ளைக்காரர் 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார்: நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, ஆகவே அடிமைத்தனம் போகாது என்பது சாரம். அதன் பேரில் 1892-ல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கியது, அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே தாழ்த்தப்பட்ட மக்களுக்குத்தான் விற்கலாம். நிலம் எப்படியெல்லாமோ கைமாறிவிட்டது. இதே மாவட்டத்துக் காரணை கிராமத்தில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் உயிரிழந்தார்கள்.

வில்லங்கச் சான்றில் இது தெரியாது. இன்றைய பட்டாவிலும் தெரியாமல் போகலாம். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்கிற நிலப்பதிவுத் திருத்தத்துக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள். கிராமத்தில் சாதி நிலத்தின் மேல் நிற்கிறது. நகரம் விரியும்போது அதே நிலத்தின் மேல் ஃபிளாட் நிற்கிறது.

நோயாளி, சானடோரியம்
கே: இங்குள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் எதனால்?

ப: 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தி சாதியைக் கேள்விகேட்ட அறிஞர் அவர், சித்த வைத்தியரும்கூட. பொருத்தமான தொழில்தான். நாடி பார்க்க வேண்டுமானால் கையைத் தொட்டாக வேண்டும்.

தீபாவளிப் பயணி, வண்டலூர்
கே: என் அறைத் தோழன் இங்கே என் தட்டிலேயே கைபோட்டுச் சாப்பிடுகிறான். திருவிழாவுக்கு என்னையும் ஊருக்குக் கூப்பிட்டான். ஆனால் 'எங்க வீட்ல கேட்டா வேற ஆளுன்னு சொல்லிடு' என்றான். போகட்டுமா?

ப: தட்டில் கைபோட்ட தைரியம் அவனுடையது, வீட்டில் சொல்லும் தைரியத்தைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே இறக்கிவிடுகிறான். அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். இங்கே அவன் தனி ஆள், அங்கே ஒரு குடும்பத்தின் பிள்ளை. நகரத்தில் வாழ்பவர்களில் பாதிப் பேரின் சாதி ஊரில்தான் குடியிருக்கிறது. பண்டிகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஊருக்குப் போகலாம், ஆனால் பொய்ப்பெயரில் போகாதீர்கள். 'என் பேரோட கூப்பிடறப்ப வர்றேன்' என்று சொல்லுங்கள்.

காதலிக்கும் இருவர், முடிச்சூர்
கே: ஊரில்தான் ஆணவக் கொலை நடக்கும், சென்னையில் ரிஜிஸ்டர் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டால் ஆபத்தில்லை என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

ப: சரியில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஏமாறாமல் இருக்கச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், சாதி மறுத்து மணம் செய்த பட்டியலின இளைஞரை நடுச்சாலையில் வெட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெண்ணின் சகோதரரும் உண்டு. சில வாரங்களில் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக்கொண்டார். 2025 ஜூலையில் கொல்லப்பட்ட இன்னொரு இளைஞர் சென்னையில் மென்பொருள் வேலை பார்த்தவர். கொலை நடந்தது அவர் ஊர்ப்பக்கம் போனபோது, பாளையங்கோட்டையில். அதன் பிறகே, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அந்த அக்டோபரில் அரசு அறிவித்தது.

நாட்டில் நூற்றுக்கு ஐந்து கல்யாணம்தான் சாதி தாண்டி நடக்கிறது என்கிறது மேலே சொன்ன அதே 2011–12 ஆய்வு. நகரம் உங்களைச் சந்திக்க வைத்தது, காதலிக்க வைத்தது. மிச்சத்துக்கு அது பொறுப்பேற்காது. ஆகவே ஏற்பாட்டோடு செய்யுங்கள். அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய சட்டத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும்: புரோகிதர் வேண்டாம், சாட்சிகள் முன் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். ஊரறிய நடத்தத் தேவையில்லை, வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே காவல்துறையில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மூன்றாவது மனிதர் ஒருவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எப்போதும் தெரிந்திருக்கட்டும்.

அதே கடிதத்தின் பின்குறிப்பு
கே: கலப்புத் திருமணத்துக்கு அரசு உதவி உண்டாமே?

ப: உண்டு. மணமக்களில் ஒருவர் பட்டியலினத்தவர் என்றால் 8 கிராம் தங்கமும், பட்டதாரிக்கு 50,000 ரூபாயும் தருகிறார்கள். திட்டத்தின் பெயர் 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு'த் திட்டம். ஆமாம், சாதியைத் தாண்டுகிறவர்கள் விண்ணப்பத்தில் முதலில் எழுதுவது ஒரு சாதிப்பட்டத்தை!

சட்டக் கல்லூரி மாணவி, சிட்லபாக்கம்
கே: திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019-ல் 'சாதியற்றவர், மதமற்றவர்' என்று சான்றிதழ் வாங்கினாரே, எல்லோரும் அப்படி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ப: அவர் வாங்கியது துணிச்சல், மரியாதை செலுத்துகிறேன். ஆனால் சாதியால் லாபம் அடைந்தவர் 'எனக்குச் சாதி இல்லை' என்று சொல்வது சுலபம், வீடு, நிலம், தொடர்பு எல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்தாயிற்று. சாதியால் இழந்தவர் தன் சான்றிதழைக் கிழித்தாலும் ஊர் அவரை அதே பெயரில்தான் கூப்பிடும். முதலாமவர் சான்றிதழைத் துறக்கட்டும், இரண்டாமவருக்குச் சேர வேண்டியது சேர்ந்த பிறகு அவரும் துறக்கட்டும்.

தாத்தா, பெருங்களத்தூர்
கே: மூன்றாம் வகுப்பு படிக்கும் பேரன் பள்ளியிலிருந்து வந்து 'நாம என்ன சாதி தாத்தா?' என்றான். 'அதெல்லாம் தெரியக்கூடாதுடா' என்று மழுப்பிவிட்டேன். சரிதானே?

ப: மழுப்பியதைக் கவனித்திருப்பான். மறைத்தால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று வேறு யாரிடமாவது போய்க் கேட்பான். அந்த வேறு யாரோ கையில் கலர் கயிறோடு காத்திருக்கலாம். மாணவர்கள் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைக்கிற அளவுக்கு நிலைமை போயிருக்கிறது.

பெயரைச் சொல்லுங்கள், கூடவே கணக்கையும் சொல்லுங்கள். நம் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிணற்றில் யார் தடை போட்டார்கள், அல்லது அவர் யாருக்குத் தடை போட்டார். நமக்கு எது சும்மா கிடைத்தது, எது கிடைக்காமல் போனது. தாம்பரத்துக்கு வந்த பிறகு நாம் எதை விட்டோம், எதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். மூன்றாம் வகுப்புக்கு இது புரியும். பங்கு பிரிப்பதில் அநியாயம் எது என்று அந்த வயதுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைசியில் அவன் 'அப்போ நாம செஞ்சது தப்பா தாத்தா?' என்று கேட்டால், அதற்குப் பதில் கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அவனிடமே சொல்லிவிடுங்கள்.